கல்யாணப் பூசையில் படுத்த குடும்பம்

நான் சொல்வதை யாரும் கேட்பதில்லை என்பது என் வீட்டில் நான் தினமும் பாடும் பாட்டு. உண்மை வேறு. யாராவது நான் சொன்னதை அப்படியே செய்தால் எனக்கு இன்றைக்கும் பயம்தான். எழுபதுகளில் ஒரு குடும்பம் அப்படிச் செய்தது.

அப்போதுதான் குழந்தை மனநலம் படித்து முடித்து, தூத்துக்குடியில் ஓர் ஆஸ்பத்திரியின் பின்னறையில் உட்கார்ந்திருந்தேன். (ஊசி போடத் தெரியாத என்னை எல்லாரும் டாக்டரம்மா என்றார்கள். நானும் மறுக்கவில்லை.) மணப்பாட்டுப் பக்கத்துக் கடற்கரை ஊரிலிருந்து செலின் தன் ஐந்து வயது மகன் அமலனைக் கூட்டிவந்தாள். பேச்சில்லை. கூப்பிட்டால் திரும்ப மாட்டான். யார் முகத்தையும் பார்க்க மாட்டான். ஆட்டிசம் என்று நான் விளக்கியதை அவள் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

"பேரு என்னவும் இருக்கட்டும். ஒரு தடவ என் மூஞ்சியப் பாப்பானா, அதச் சொல்லுங்க," என்றாள்.

புதிதாகப் படித்த மிடுக்கு. "அவன் என்ன செய்றானோ அதையே நீங்களும் செய்யுங்க. சுத்தினா சுத்துங்க, படுத்தா படுங்க. வீட்ல எல்லாரும் செய்யணும், எங்க போனாலும் செய்யணும்" என்று அடித்துவிட்டேன். அந்த 'எங்க போனாலும்' எதற்கு என்று யாரும் கேட்காதீர்கள்.

அடுத்த மாதம் செலினின் தங்கை ரெஜினாவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை கப்பலில் வேலை பார்ப்பவர், தூத்துக்குடியில் வசதியான வீடு. அமலனைப் பற்றி அங்கே மூச்சு விடவில்லை. தெரிந்தால் கல்யாணம் நின்றுவிடும் என்று பயம். பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுப் போவதாக இருந்தாள் செலின். நான் விடுவேனா? கூட்டிக்கொண்டுதான் போக வேண்டும் என்று சட்டம் பேசினேன். பேசிய பாவத்துக்கு என்னையும் அழைத்தாள்.

கல்யாணம் பெண்ணின் ஊரில். நான் சாத்தான்குளத்துப் பலசரக்குக் கடைக்காரர் மகள், மாதா கோயிலுக்குள் கால் வைத்ததே இல்லை. கோயிலில் எப்போது எழுவது, எப்போது முழந்தாளிடுவது என்று தெரியாமல், கடைசியில் தூணருகே நின்றுகொண்டேன். தாலி கட்டுவதற்கு முன்னால் சாமியார் பிரசங்கம் செய்துகொண்டிருந்தார். அமலன் எழுந்து போய், பீடத்துக்கு முன்னால் குப்புறப் படுத்து, கன்னத்தைக் குளிர்ந்த தரையில் வைத்துக்கொண்டான்.

செலின் போய்ப் பக்கத்தில் படுத்தாள். அவள் புருஷன் படுத்தார். சித்தப்பா, அத்தை, மதினி என்று மணலில் கருவாடு காயப்போட்ட மாதிரி வரிசையாகப் படுத்தார்கள். நான் தூணைப் பிடித்துக்கொண்டேன். அடுத்து, கல்யாணப் பெண்ணே படுத்தாள். படுத்துக்கொண்டே மாப்பிள்ளையின் கால்சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"நீங்களும் படுங்க."

உத்தரவுக்குப் பழகிய கப்பல்காரர் படுத்துவிட்டார். கிழிந்தது போ என்று நினைத்தேன். மாப்பிள்ளை வீட்டார் ஒருவரையொருவர் பார்த்தார்கள். கடற்கரையில் ஊருக்கு ஊர் ஒரு வழக்கம் உண்டு. "இந்த ஊர் மொற போலுக்கு" என்றார் யாரோ. அவ்வளவுதான், மாப்பிள்ளையின் அப்பா புதுக் கோட்டோடு, முனகிக்கொண்டே படுத்தார். அவர் பின்னால் அந்த வீடே படுத்தது. சாமியார் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

அப்போது அமலன் கன்னத்தை மாற்றி வைத்தான். எதிரே, அதே தரையில், அம்மாவின் முகம். பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான். செலின் அழுதது தூண் வரைக்கும் கேட்டது.

மாப்பிள்ளையின் அப்பா எழுந்து நேராக அவளிடம் வந்தார். "எங்க ஊர்ல இப்படி மொற கெடையாதே. எதுக்குப் படுத்தோம்?"

வழக்கம் என்று ஒரு வார்த்தை சொன்னால் தப்பித்துவிடலாம். நான் பின்னாலிருந்து, ஆமாம் சொல் என்று தலையை ஆட்டோ ஆட்டென்று ஆட்டினேன். (பிள்ளையை மறைக்காதே என்று சட்டம் பேசிய அதே தலை.)

"மொறல்லாம் இல்ல மாமா. எம் மவன் படுத்தான், நாங்க படுத்தோம். அவன் இப்படித்தான். இன்னைக்குத்தான் என் மூஞ்சியப் பாத்திருக்கான்."

 நான் தலையாட்டுவதை நிறுத்தினேன். அவர் அமலனைப் பார்த்தார். பிறகு குனிந்து, கோட்டில் ஒட்டிய மணலைத் தட்டினார்.

"முன்னாலயே சொல்லிருந்தா பழைய கோட்டப் போட்டுட்டு வந்திருப்பேம்லா," என்றார். "சாமி, தாலிய எடுங்க."

இரண்டு வீட்டு ஆல்பத்திலும் ஒரு படம் இருக்கிறது. போட்டோகிராபர், பாட்டுக்காரர்கள் நிற்கும் மாடத்தில் ஏறி எடுத்தது. தரை முழுக்க ஆட்கள்; நடுவில் தாயும் பிள்ளையும் முகத்தோடு முகம். சாமியாரை விட்டால் நிற்பது ஒரே ஓர் ஆள்தான், தூணருகே, வாயைப் பிளந்துகொண்டு. ரெஜினா அதைப் பேரப்பிள்ளைகளுக்குக் காட்டும்போதெல்லாம் சொல்கிறாளாம்:

"எல்லாரையும் படுக்கச் சொன்ன டாக்டரம்மா இவுகதான். இவுக மட்டும் படுக்கல."