இரண்டு ஸ்பூன் சுறா எண்ணெய்

அன்று மாலை அந்தக் கூடத்தில் இருந்தவர்கள் யார் யார் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. 'நானும் அங்கேதான் இருந்தேன்' என்று பிற்பாடு கிளம்பியவர்களை உட்கார வைத்தால் இரண்டு பந்தி நிரம்பும். இருந்தவர்கள் ஐந்தே பேர். வீட்டுக்காரர், பேகம்பூர் தோல் மண்டி கிதர் முகம்மது ராவுத்தர். திரைக்கு அந்தப் பக்கம் அவர் மனைவி சர்புன்னிசா, மகள் நர்கீஸ். பெண் கேட்டு வந்த சித்தையன்கோட்டை நெல் வியாபாரி சனாவுல்லா ராவுத்தர். ஐந்தாவதாக, சேர்த்துச் சொல்ல வேண்டியதில்லை என்றாலும், அவருடைய வில்வண்டியை ஓட்டி வந்த அழகர். இந்தச் சம்பந்தத்தைப் பேசிக் கொண்டுவந்த தோல் தரகர் மீரான் அன்று ஊரிலேயே இல்லை. ஒட்டன்சத்திரம் போயிருந்தார்.

கிதர் முகம்மது ராவுத்தர் குடும்ப மானத்தைக் காக்கவே பிறந்தவர் என்பது கிதர் முகம்மது ராவுத்தரின் கருத்து. ஆட்டுத் தோலைத் தொடாமலே, பார்த்த மாத்திரத்தில் தரம் பிரிக்கும் கண்கள் அவருக்கு. அந்தக் கண்கள்தான் ஐப்பசியிலிருந்து பொழுது சாய்ந்ததும் கடையடைக்கத் தொடங்கின. ஒரு நாள் மாலை மக்ரிப் தொழுகை நேரத்தில் கொடியில் காய்ந்த போர்வைக்கு ஸலாம் சொல்லிவிட்டுப் பதிலுக்குக் காத்து நின்றார். பதில் வராததால் கோபமும் கொண்டார்.

டாக்டர் ஸ்தனிஸ்லாஸ் இமையை விரித்துப் பார்த்தார்.

"மாலைக்கண்ணு, ராவுத்தரய்யா. சத்துக் குறைவு."

"எங்க வம்சத்துலயே யாருக்கும் கண்ணுல கோளாறு கிடையாது டாக்டர்."

"வம்சத்துக்கு நான் மருந்து எழுதலை. உங்களுக்குத்தான். காலையில ஒரு ஸ்பூன், சாயங்காலம் ஒரு ஸ்பூன். சுறா மீனோட ஈரல் எண்ணெய். முருங்கைக் கீரையும் சேத்துக்கங்க."

"கீரையா? நான் என்ன ஆடா?"

"ஆட்டுக்கு மாலைக்கண் வர்றதில்லையே."

பாட்டிலைத் திறந்ததும் கிதர் முகம்மதுவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. மாலைக்கண்ணை மறைத்துவிடலாம். இந்த வாடையை மறைக்க முடியாது.

வாடை என்ற சொல்லே அவருக்கு ஆகாது. நர்கீஸைக் கேட்டு ஏற்கெனவே இரண்டு இடம் வந்து, 'தோல் மண்டிக்காரர் வீடு, வாடை அடிக்கும்' என்று நழுவியிருந்தது. உண்மையில் அந்த வீட்டில் முப்பது வருஷமாக அத்தரைத் தவிர வேறெதுவும் மணத்ததில்லை. அதைக் காப்பாற்றி வந்தவரின் வாயிலிருந்தே இப்போது கடற்கரை கிளம்பியது. தெருவில் நடந்தால் மூன்று பூனைகள் பின்னால் வந்தன. சித்தையன்கோட்டை மூன்றாவது இடம். மாப்பிள்ளை பி.ஏ. படித்தவர். இதுவும் நழுவினால் நர்கீஸின் பெயரோடு வாடை ஒட்டிக்கொள்ளும்.

"எண்ணெய் குடிக்கிறது வெளியில தெரியக் கூடாது" என்றார் மனைவியிடம்.

"பூனைக்குத் தெரிஞ்சு போச்சே" என்றாள் சர்புன்னிசா.

சனாவுல்லாவும் கிதர் முகம்மதுவும் அதுவரை நேரில் பார்த்துக்கொண்டதில்லை. எல்லாம் கடிதத்தில்தான். பகலிலேயே வருகிறோம் என்று அவர் எழுதியிருந்தார். பகலிலேயே வாருங்கள் என்று இவரும் எழுதியிருந்தார். இத்தனை ஒற்றுமையா என்று இவர் வியந்தது கூட உண்டு.

சொன்ன நேரம் மூன்று மணி. கிதர் முகம்மது காலையிலிருந்தே வேலையைத் தொடங்கிவிட்டார். முதலில் ஏலக்காய் மென்றார். ஏலக்காய் மணக்கும் சுறா ஏப்பம் வந்தது. கிராம்பை மென்றார். நாக்கு மரத்துப் போனது, ஏப்பம் நிற்கவில்லை. கடைசியில் ஒரு பாட்டில் அத்தரையும் தன் கறுப்புக் கோட்டில் கவிழ்த்து மாட்டிக்கொண்டார். மீனும் அத்தரும் கலந்து, உலகத்தில் அதுவரை இல்லாத ஒரு வாசனை பிறந்தது.

"கோட்டைக் கழட்டுங்க. எனக்குத் தலை சுத்துது" என்றாள் சர்புன்னிசா.

கழற்றிய கோட்டைக் கூடத்துத் தூணில் இருந்த ஆணியில் மாட்டினார். கூடமாவது மணக்கட்டும். துருக்கித் தொப்பியையும் அதன் மேலேயே வைத்தார்.

மூன்று மணிக்கு வண்டி வரவில்லை. சின்னாளபட்டி பக்கத்தில் அச்சாணி கழன்றுவிட்டதாம். மார்கழிப் பொழுது ஐந்தரைக்கே மங்கத் தொடங்கியது. கிதர் முகம்மதுவுக்குக் கதவு நிலை இரண்டாகத் தெரிந்து, பிறகு தெரியாமலே போனது.

அப்போதுதான் அவருக்கு அந்த யோசனை உதித்தது. விளக்குக்கு எண்ணெய் ஊற்றினால் உடனே எரிகிறது. கண்ணுக்கு மட்டும் எரியாதா? இரண்டு ஸ்பூன் குடித்தார். சுவர் தெரியவில்லை. ஸ்பூனை வைத்துவிட்டுப் பாட்டிலையே சாய்த்தார். பாதி வாயிலும் மீதி புது ஜிப்பாவிலும் இறங்கியது.

"என்ன காரியம் செஞ்சீங்க! வேற ஜிப்பா வண்ணான்கிட்டல்ல இருக்கு!" சர்புன்னிசா அரிக்கேன் விளக்கைத் தூக்கிப் பிடித்தாள். "நெஞ்சு பூரா மஞ்சளாத் தெரியுது."

"தெரியுதா? அப்ப விளக்கக் குறை."

"உங்களுக்குக் கண்ணு தெரிய வேணாமா?"

"எனக்குத் தெரியாட்டி யாருக்கும் தெரியாது. கறை தெரிஞ்சா ஊருக்கே தெரியும். குறைங்கிறேன்ல!"

திரி குறைந்தது. வாடைக்குச் சாம்பிராணியும் போட்டார். கூடத்தில் மிச்சமிருந்த வெளிச்சத்தைப் புகை விழுங்கியது. வாசலில் வண்டிமாட்டுச் சலங்கை கேட்டது. பெண்கள் திரைக்குப் பின்னால் போனார்கள்.

கிதர் முகம்மது முதுகை நிமிர்த்தி, சத்தம் வந்த திசைக்குப் போய், முன்னால் வந்த உருவத்தைக் கட்டித் தழுவினார்.

"அஸ்ஸலாமு அலைக்கும், வாங்க சம்பந்தி!"

குட்டையான, மெலிந்த உடம்பு. தழுவியதும் விறைத்துக்கொண்டது. அக்குளில் கைத்தடி போல ஏதோ இடித்தது. வைக்கோல் வாசம் வேறு.

"வ அலைக்கும் ஸலாம், ராவுத்தரே!" பதில் கம்பீரமாக வந்தது. ஆனால் நாலடி தள்ளி, தூண் பக்கமிருந்து வந்தது. "அடேயப்பா, என்னா உடம்பு! தேக்கு மாதிரில்ல நிக்கிறீங்க!"

கிதர் முகம்மதுவோ ஈர்க்குச்சி உடம்பு, எடை தொண்ணூறே ராத்தல். அவருக்குச் சுருக்கென்றது. வாடை தாங்காமல் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு பேசுகிறார், பேசுவதும் கிண்டல்! நர்கீஸுக்காகப் பொறுத்துக்கொண்டு, பிடித்த தோளை விடாமல் அழைத்துப் போய்ச் சாய்வு நாற்காலியில் அமர்த்தினார். அந்தத் தோள் கொஞ்சம் நழுவப் பார்த்தது. விடவில்லை.

திரைக்குப் பின்னாலிருந்து அல்வாத் தட்டு வந்தது. அதை நாற்காலிப் பக்கம் நீட்டினார்.

"இனிப்பு எடுத்துக்கங்க."

"இனிப்பு எனக்கு ஒத்துக்காது, வேணாம்" என்றது குரல், இப்போது பெஞ்சுப் பக்கமிருந்து.

தட்டை மட்டும் ஒரு கை வாங்கிக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் காலியாகத் திரும்பி வந்தது. இரண்டாவது தட்டும் அப்படியே. வாயால் ஒன்று சொல்லிக் கையால் ஒன்று செய்யும் மனுஷன் வீட்டிலா பெண்ணைக் கொடுப்பது? திரைக்குப் பின்னால் நர்கீஸ் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பது கேட்டது. பாவம், மாப்பிள்ளை வீட்டை அவளுக்குப் பிடித்துவிட்டது போலிருக்கிறது.

அந்த நேரம் பார்த்து அவர் வயிற்றிலிருந்து ஒரு சுறா மேலே நீந்தி வந்தது. தடுக்கப் பார்த்தார். முடியவில்லை. கூடம் முழுவதும் ஏப்பம் பரவியது.

முடிந்தது கதை என்று தலையைக் குனிந்துகொண்டார்.

"ஆகா!" என்றது குரல். "உள்ள நுழைஞ்சதுலருந்து பாக்கிறேன், எங்க வீட்டுக்குள்ள இருக்கிற மாதிரியே இருக்கு ராவுத்தரே. எனக்கு மனசு நிறைஞ்சு போச்சு. அடுத்த மாசமே நிக்காஹ் வச்சிருவோம். பகல்ல வைப்போம்."

"பகல்லதான் வைக்கணும்!" என்றார் கிதர் முகம்மது, கிண்டலா நிஜமா என்று யோசிக்கும் முன்பே.

நிஜம்தான். அடுத்த மாதம் காலை பதினொரு மணிக்கு நிக்காஹ் முடிந்தது. எண்ணெயும் வஞ்சகம் செய்யவில்லை. அதற்குள் கிதர் முகம்மதுவுக்கு மக்ரிப் தாண்டியும் கண் நின்றது. சர்புன்னிசா ரகசியமாகத் துவையலில் அரைத்த முருங்கைக் கீரைக்கும் அதில் பங்கு உண்டு என்பது அவள் கட்சி.

பந்தலில் சம்பந்திகள் பகல் வெளிச்சத்தில் எதிரெதிரே நின்றார்கள். சனாவுல்லா நல்ல உயரம். தொந்தி வேறு. ஒரே மாதத்தில் மனுஷன் இப்படி இரட்டிப்பாக முடியுமா என்று கிதர் முகம்மது திகைத்தார்.

சனாவுல்லாவும் அவரை மேலும் கீழும் பார்த்தார். "என்ன ராவுத்தரே, இப்பிடி இளைச்சிட்டீங்க?"

"கல்யாண அலைச்சல்" என்று சமாளித்தார்.

பிரியாணி முடிந்து எல்லோரும் வெற்றிலை போடும்போதுதான் மீரான் ஆரம்பித்தார். "சங்கதி தெரியுமா? பொண்ணு கேட்டு வந்த அன்னிக்கு நம்ம ராவுத்தரு கண்ணு தெரியாம வீட்டுத் தூணக் கட்டிப் புடிச்சு ஸலாம் சொன்னாராமே! கடைத்தெரு பூரா இதே பேச்சு!"

பந்தல் சிரித்தது. கிதர் முகம்மது எழுந்தார். முதுகு கம்பாக நிமிர்ந்தது.

"பொய்! நாப்பது வருசமா அந்தத் தூணு எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும். மீரான், நீ அன்னிக்கு ஊர்லயே இல்ல. இருந்த மனுசன் இந்தா நிக்கிறான். அழகரு, இங்க வாப்பா! இம்புட்டுப் பேரு முன்னால, நடந்ததை நடந்தபடி சொல்லு. நான் தூணையா கட்டிப் புடிச்சேன்?"

அழகர் சாட்டையை அக்குளில் இடுக்கிக்கொண்டு, முதலாளி சனாவுல்லாவை ஒரு தரம் பார்த்தார். அவர் சட்டென்று வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அந்த வீட்டுக்குள்ள வாயத் தொறக்கக் கூடாதுன்னு அன்னிக்கு வண்டியிலயே எங்க மொதலாளி உத்தரவு. இன்னிக்குக் கேக்கிறதால சொல்றேன்" என்றார் அழகர். "கடைத்தெருவுல பேசிக்கிறது தப்புங்க. தூணக் கட்டிப் புடிச்சது எங்க மொதலாளி. அவுகளுக்கும் பொழுது சாஞ்சாக் கண்ணு தெரியாது, அவுகளும் இதே மீன் எண்ணெயத்தான் குடிக்கிறாக. ராவுத்தரய்யா கட்டிப் புடிச்சு, நாக்காலியில உக்கார வச்சு, அல்வாக் குடுத்ததெல்லாம் எனக்குத்தான்."