உறை மட்டும் இருந்தது

"சாசனம் துப்பாக்கிய யாரை நம்பிக் கொடுத்திருக்கு? பொறுப்பான மனுசனை நம்பி" என்று சொல்லி, வெர்னன் கட்லர் பெருமையாக இடுப்பைத் தட்டினார். உறை இருந்தது. துப்பாக்கி இல்லை.

டெக்சாஸின் அந்தச் சிற்றூர் நூலகத்தில் அன்று விவாதக் கூட்டம். ஆயுதம் வைத்துக்கொள்ளும் உரிமையைத் தரும், அமெரிக்க அரசியல் சாசனத்தின் இரண்டாம் திருத்தத்தை இந்தக் காலத்தில் எப்படிப் படிப்பது? தனிமனிதனின் உரிமை, யாரும் கை வைக்கக் கூடாது என்பது தீவனக்கடை வெர்னனின் கட்சி. எதிரணியில் ஓய்வுபெற்ற நீதிபதி இமோஜின் டட்டில்.

"ஒழுங்கான குடிப்படை, அதாவது ஊர்சனங்க சேந்த படைன்னு சேத்துத்தானே எழுதியிருக்காங்க, வெர்னன்? அந்த ஒழுங்கு எங்க போச்சு?" என்றார் அந்த அம்மாள்.

எங்கே போயிற்று என்று வெர்னனுக்கு அப்போதுதான் நினைவு வந்தது. கழிப்பறையில், தண்ணீர்த் தொட்டியின் மூடிமேல். பக்கத்து அறைக்குக் கதை கேட்க வந்த குழந்தைகளுக்கும் அதே கழிப்பறைதான்.

வயிறு சரியில்லை என்று மைக்கிலேயே சொல்லிவிட்டு ஓடினார். சபை சிரித்தது. தொட்டிமேல் ஒன்றுமில்லை. குப்பைக்கூடையைக் கவிழ்த்தார். மண்டியிட்டு அடுத்த கதவுக்கு அடியில் பார்த்தார். உள்ளே பாதிரியார் இருந்தார்.

திரும்பி வந்து, குழந்தைகளை வீட்டுக்கு அனுப்பிவிடலாமா என்று நடுவரின் காதில் கேட்டார். மைக் அதையும் எல்லோருக்கும் சொல்லிவிட்டது. ஏன் என்று ஒரு தாய் எழுந்தாள். கழிப்பறையில் குழாய் உடைந்துவிட்டது என்றார். குழாய் வேலை தெரிந்த இருவர் உடனே சட்டைக் கையை மடித்துக்கொண்டு கிளம்பினார்கள். இனி மறைக்க வழியில்லை.

"என் துப்பாக்கிய அங்க வச்சிட்டு மறந்து வந்துட்டேன். இப்பக் காணோம்."

தாய்மார்கள் பக்கத்து அறைக்கு ஓடினார்கள். வெர்னன் தன் பூட்ஸையே பார்த்துக்கொண்டு நின்றார். தன் கடையில் குதிரைக்கு ஓட்ஸ் வாங்குகிறவர்கள் முகத்தில் இனி எப்படி விழிப்பது? நீதிபதி ஒரு வார்த்தை சொன்னால் போதும், விவாதம் முடிந்துவிடும். ஆனால் அவரோ தலை குனிந்து, தண்ணீரை மெல்லக் குடித்துக்கொண்டிருந்தார். அந்த இரக்கம் திட்டைவிட அதிகமாக வெர்னனைச் சுட்டது.

நூலகர் டார்லா, மறந்து விட்டுப்போன பொருள்களைப் போட்டுவைக்கும் அட்டைப்பெட்டியோடு மேடைக்கு வந்தாள். குழந்தைகள் கழிப்பறைப் பக்கம் போவதற்கு முன்பே துப்பாக்கியை எடுத்துவிட்டதாகச் சொன்னாள். வெர்னனுக்குக் கண் கலங்கியது. கையைப் பெட்டிக்குள் விட்டார்.

"அது இல்ல வெர்னன், கறுப்புதான் உங்களுது. அந்த முத்துப்பிடி போட்டது போன வாரம் பொம்பளைங்க கழிப்பறையில கிடந்தது, ஜட்ஜம்மா பேரு பொறிச்சிருக்கு. அவங்கதான் இன்னும் வந்து கேக்கவே இல்ல."