திமிங்கலம் காணப் புறப்பட்ட படலம்

வாழி, நூம்பல் நன்னகரின் மூன்றடுக்கு மாடத்து உச்சியில் உறையும் உத்தமனே, வாழி! அம்பத்தூர்த் தொழிற்பேட்டையின் கண்ணாடி மாளிகையில் பகலெல்லாம் விசைப்பலகையோடு மற்போர் புரிந்து, இரவெல்லாம் அயல்தேயத்தார் அழைப்புக்குச் செவிகொடுத்து, இடையில் கிடைக்கும் இடுக்கில் தந்தையாகவும் இருந்துபார்க்கும் தளராத் தோளினனே, வாழி! அருப்புக்கோட்டை ஈன்ற ஆண்தகை, சித்ராவின் கொழுநன், பூரணி நிர்மல் எனும் இரு மக்களைப் பெற்ற பெருந்தவத்தோன், கார்த்திகேசன் எனும் பெயரோன், ஒரு ஞாயிற்றுக்கிழமை தன் வீட்டு வாசலைக் கடந்து வெளியே போன பேராண்மையை இங்கே விரித்துரைக்கப் போகிறோம். கடல் கடந்தவர்களைப் பாட ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். வாசல் கடந்தவனுக்கு நம்மை விட்டால் ஆளில்லை.

போருக்குக் காரணம் ஒரு திமிங்கலம். எழும்பூர் அருங்காட்சியகத்தில் சதையெல்லாம் துறந்து எலும்பு மாத்திரமாய்த் தவமிருக்கும் அம்மாபெரும் மீனரசனைக் கண்ணாரக் காண வேண்டும் என்று ஆறு வயதுப் பூரணி ஆசைகொண்டாள். வகுப்பில் பக்கத்தில் உட்காரும் ஷர்மிளா பார்த்துவிட்டு வந்து, அதன் வாய்க்குள் நம்ம ஸ்கூல் வேனே போகும் என்று சொல்லிவிட்டாள்; அன்று பிடித்தது இந்த ஆசை. வருகிற ஞாயிற்றுக்கிழமை கண்டிப்பாகப் போகிறோம் என்று தந்தை வாக்களித்தான். அந்த ஞாயிறு மழை கொட்டித் தெருவில் முழங்காலளவு வெள்ளம். அடுத்த ஞாயிறு அலுவலகத்தில் சர்வர் படுத்துக்கொண்டது. அதற்கும் அடுத்த ஞாயிறு மூன்று வயது நிர்மலுக்குக் காய்ச்சல். முதலில் தினமும் கேட்டுக்கொண்டிருந்த பூரணி, பிறகு எப்போதாவது கேட்டாள். இப்போது கேட்பதே இல்லை. அந்த மௌனம்தான் கார்த்திகேசனை உறங்கவிடாமல் அறுத்தது. இந்த முறையும் தவறினால் மகள் இனித் தன் வாயிலிருந்து வரும் எதையும் நம்ப மாட்டாள் என்று அவன் பயந்தான்.

ஆகவே வகுத்தான் ஒரு வியூகம். ‘அவசரமில்லா நகர்வலம்’ என்று அதற்குத் திருநாமமும் சூட்டினான். நால்வரைச் சுமக்க ஸ்கூட்டர் தாங்காது, வாடகைக் காரில் ஏறினால் நிர்மலுக்கு வாந்தி வரும் என்பதால், வேலப்பன்சாவடியில் பேருந்தேறிக் கோயம்பேடு சேர்தல், அங்கிருந்து மெட்ரோவெனும் மின்னூர்தியில் எழும்பூர் எய்தல், முற்பகலில் திமிங்கலம் ஒன்றையே தரிசித்தல், பிள்ளைகளுக்குப் பசி வருமுன் ஊட்டல், களைப்பு வருமுன் உட்காரல், நண்பகலில் மரநிழலில் சின்னவனை உறங்கவிடல், மனமிருந்தால் மாலையில் மெரினா, மனமில்லையேல் ஐஸ்கிரீமோடு வீடு என்று நிதானத்தையே நெறியாகக் கொண்ட திட்டம் அது. இளைப்பாறுவதற்கென்று தனியே நேரம் ஒதுக்கி, அந்த இளைப்பாறல் தாமதமானால் என்ன செய்வது என்பதற்கு மாற்று ஏற்பாடும் வைத்திருந்தான். சித்ரா பார்த்துவிட்டு, “இவ்வளவு ரிலாக்ஸா இருந்தா நமக்கு ஒடம்பு தாங்குமா?” என்று கேட்டாள்.

ஆனால் திட்டத்தைவிட முக்கியமான ஒன்றை அவன் கண்டுபிடித்து வைத்திருந்தான். அலுவலகத்தில் எது கெட்டாலும் அதன் மூலகாரணம் எது என்று குடைந்தெடுத்து அறிக்கை தரும் கூர்மதியாளன் அல்லவா? கெட்டுப்போன ஞாயிறுகளையும் அவ்வாறே குடைந்தான். மழை, சர்வர், காய்ச்சல் மூன்றும் வெறும் அறிகுறிகள் என்றும், மூன்று முறையும் படியிறங்கும்போது யாரோ ஒருவர் “எங்கே?” என்று கேட்டதே மூலகாரணம் என்றும் தெளிந்தான். கிளம்பும்போது ‘எங்கே’ என்று கேட்டால் போகிற காரியம் உருப்படாது, கேட்டுவிட்டால் திரும்பி வந்து உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி கிளம்ப வேண்டும் என்று அவன் அம்மா சொன்னபோதெல்லாம் கல்லூரிக் காலத்தில் கைகொட்டிச் சிரித்தவன்தான். இப்போது சிரிக்கவில்லை.

அந்தச் சொல்லின் அதிபதி ஒருவர் அக்குடியிருப்பின் கீழ்த்தளத்திலே கொலுவிருந்தார். ஆவடித் தொழிற்சாலையில் பீரங்கி வண்டிகளோடு பழகி ஓய்வுபெற்றவர், தண்ணீர் மோட்டாரின் சுவிட்சைக் கண்ணிமைபோல் காப்பவர், படிக்கட்டின் அடியில் பிளாஸ்டிக் நாற்காலியை அரியணையாக்கி அமர்ந்தவர், கோதண்டம் என்னும் நாமத்தார். வருவோர் போவோர் எவரையும் விசாரிக்காமல் விட்டால் அவருக்குக் காப்பி இறங்காது. கெட்ட எண்ணம் துளியும் இல்லாத மனிதர், அதுதான் பெரிய ஆபத்து.

ஞாயிறு உதித்தது. தோட்பையில் பொடி தடவிய இட்லியும், முறுக்கும், மாற்றுடையும், தொப்பிகளும், ஈரத்துணியும் நிறைந்தன. புதுக் காலணி பூண்டு பூரணி ஒரு வார்த்தையும் பேசாமல் நின்றாள். சேனாதிபதி செருப்பைக் கையில் ஏந்தி முன்னே நடக்க, தோளில் நிர்மல் கொடிபோல் அசைய, சித்ரா பின்காவலாக வர, மூச்சுச் சத்தமும் கேளாவண்ணம் படைபடையாய்ப் படியிறங்கினர். கடைசிப் படியில் கால் வைத்த கணத்தில் நாற்காலி கிறீச்சிட்டது.

“இன்னா தம்பி, புள்ளைங்களோட காலங்காத்தால கெளம்பிக்கினீங்க? எங்க?”

ஆயிரம் அம்புகள் ஒருங்கே பாய்ந்தாற்போல் அந்த ஒரு சொல் பாய்ந்தது. நிமிர்ந்த நெஞ்சு சுருங்க, நீட்டிய பாதம் மீள, நம் தலைவன் வந்த வழியே திரும்பினான். “அவரு சும்மா கேட்டாரு, வாங்க” என்றாள் சித்ரா. “விதி விதிதான்” என்று முழங்கினான் அவன். மேலேறினர், அமர்ந்தனர், ஆளுக்கொரு குவளை நீர் அருந்தினர். கீழேயிருந்து கோதண்டம், “இன்னா, எதுனா மறந்துட்டீங்களா?” என்று கரிசனமாகக் கத்தினார்.

இரண்டாம் படையெழுச்சி. கோதண்டம் மோட்டார் அறைக்குள் குனிந்திருந்த நற்பொழுது அது. ஆனால் முதல் மாடியில் கதவு திறந்தது. கையில் கொத்தமல்லிக் கட்டோடு சபீனா நின்றாள். விவரம் அறிந்த பெண், நேரடியாகக் கேட்பாளா? “தூரமாண்ணா?” என்று மட்டும் கேட்டுவிட்டுச் சிரித்தாள். சாத்திரச் சிக்கல் எழுந்தது. ‘தூரமா’ என்பது ‘எங்கே’ ஆகுமா, ஆகாதா? பெரியோர் வகுத்த மரபில் அது அனுமதிக்கப்பட்ட சொல் அன்றோ? படியில் நின்றபடியே நெடிது சிந்தித்து, ஆகாது என்று தீர்ப்பளித்து, தலையசைத்து, கீழிறங்கி, வெளிக்கதவின் தாழ்மேல் கைவைத்தான் கார்த்திகேசன். வெற்றி ஒரு முழம் தூரத்தில் மின்னியது. அப்போது அவன் தோளின்மேலிருந்தே, அவன் குருதியிற் பிறந்த குலக்கொழுந்தே, அவன் காதுக்குள் குனிந்து கேட்டது:

“அப்பா, நம்ம எங்க போறோம்?”

அந்தோ! அயலார் வாள் தடுக்கலாம், தன் தோள்மேல் இருப்பவனை எப்படித் தடுப்பது? “புள்ள கேக்குறதெல்லாம் கணக்குல சேராது” என்று வாதாடினாள் சித்ரா. நெறி பிறழா நாயகன் மறுத்தான். மீண்டும் படி, மீண்டும் சோபா, மீண்டும் குவளை. குடித்த நீர் தன் கடமையைச் செய்ய, நிர்மல் கால்சட்டையை நனைத்தான். மாற்றுடை தோட்பையிலிருந்து வெளிவந்தது. உடை மாற்றும் நேரத்தில் பசியெடுக்க, மரநிழலில் உண்ணவிருந்த இட்லிகள் ஹாலில் மின்விசிறியின் கீழ் மாண்டன. பூரணி மட்டும் சாப்பிடவில்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

இனி மறைந்து செல்வது வீரமன்று, முரசறைந்தே செல்வோம் என்று துணிந்தான். குடியிருப்போர் அனைவரும் கூடும் வாட்ஸ்அப் குழுவில் அவன் வெளியிட்ட பேரறிக்கை வருமாறு: “குடியிருப்புப் பெருமக்களுக்கு வணக்கம். இன்று நாங்கள் குடும்பத்துடன் வெளியே செல்கிறோம். வழியில் காண்போர் தயவுகூர்ந்து எங்களிடம் எதுவும் கேட்க வேண்டாம் எனப் பணிவன்புடன் வேண்டுகிறேன்.”

இதைவிட உறுதியாக ஒரு படையைத் தானே வரவழைத்தவன் சரித்திரத்தில் இல்லை. கண் மூடித் திறப்பதற்குள், “சூப்பர் சார், எங்க?” என்று வந்தது ஒன்று. “எங்க ப்ரோ?” என்றார் எதிர்வீட்டு வெங்கட். “எல்லாரும் நல்லா இருக்கீங்கல்ல? எங்க போறீங்க?” என்று பதறினாள் சபீனா. கடைசியாகக் கோதண்டத்தின் குரல் பதிவு: “தம்பி, ஒடம்பு கிடம்பு சரியில்லியா? எந்த ஆஸ்பத்திரி? நான் வர்றேன் இரு.” எழுத்தில் கேட்டாலும் கேள்வி கேள்விதானே? எண்ணிக்கைக்கு ஏற்பக் குவளை குவளையாய் அருந்தினான் அந்த மறவன். ஐப்பசி மழையில் செம்பரம்பாக்கம் ஏரி நிறைவதுபோல் வயிறு நிறைந்தது. “தண்ணி குடிச்சா எல்லாம் சரியாவும்னா, மாசம் முழுக்க நாம வாங்குற லாரித் தண்ணிக்கு எப்பவோ சரியாயிருக்கணும்” என்றாள் சித்ரா.

அவன் ஆறாவது குவளையோ ஏழாவதோ ஏந்தியபோது, பூரணி கதவோரம் குத்துக்கால் இட்டு அமர்ந்து காலணியைக் கழற்றினாள். ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக அலமாரியில் வைத்தாள். காலுறைகளை உருட்டி உள்ளே செருகினாள். பிறகு அவனிடம் வந்து, பெரிய மனுஷிபோல் அவன் முழங்காலைத் தட்டி, “பரவால்லப்பா. அடுத்த வாரம் போலாம்” என்றாள்.

கோபித்திருந்தால் தாங்கியிருப்பான். அழுதிருந்தாலும் தாங்கியிருப்பான். ஆறு வயதுக் குழந்தை தகப்பனுக்கு ஆறுதல் சொன்னதைத்தான் தாங்க முடியவில்லை. குவளையைக் கீழே வைத்தான். அலமாரியிலிருந்து காலணியை எடுத்து, அவள் முன் மண்டியிட்டு, அவனே மாட்டிவிட்டான். வாரைத் துளையில் நுழைத்து இறுக்கினான்.

பிறகு எழுந்தான். எழுந்தானா? வெகுண்டெழுந்தான்! மகள் ஒரு தோளிலும் மகன் மறுதோளிலும் பொலிய, வயிற்றில் ஏரி தளும்ப, இடியென இறங்கினான் படிகளில். ஆஸ்பத்திரிக்குத் துணை வரச் சட்டை மாட்டிக்கொண்டு நின்ற கோதண்டம் வாய் திறந்தார். அவர் நா அசைவதற்குள், போர்க்களத்தில் முதல் வீச்சு வீசுபவனே வெல்வான் என்பதை உணர்ந்த மாவீரன், கேள்விக்கே கேள்விக்கணை தொடுத்தான்: “அண்ணே, மோட்டார நிறுத்தலையா? மேல டேங்க் வழியுற சத்தம் கேக்குதே!”

“அய்யய்யோ!” என்று அலறிக்கொண்டு அரியணை துறந்து ஓடினார் கோதண்டம். டேங்க் வழியவில்லை. அது பொய். அவரிடம் மாலை வந்து மன்னிப்புக் கேட்டுக்கொள்ளலாம் என்று ஓடுகிற ஓட்டத்திலேயே முடிவு செய்தான். கதவு திறந்தது, தெரு விரிந்தது, காலி மனைகளும் கட்டி முடியாத வீடுகளும் பின்னோக்கி ஓட, செருப்பு ஒன்று கழன்றும் நில்லாமல், அதைச் சித்ரா பொறுக்கிவர, பூவிருந்தவல்லி நெடுஞ்சாலையின் ஓரத்தை அடைந்தனர். அடைந்த கணமே கோயம்பேடு பேருந்து வந்தது. வந்த பேருந்தில் உட்கார இடமும் இருந்தது.

வென்றான்! கார்த்திகேசன் வென்றான்! எட்டுத் திக்கும் எக்காளம் ஒலிக்க, விண்ணோர் மலர்மாரி பொழிய, அலுவலக மேலாளரும் அருப்புக்கோட்டை உறவினரும் வாழ்த்தொலி முழங்க, ஜன்னலோரம் மகளை அமர்த்தி, வியர்வை வழியச் சாய்ந்தான் அந்த வாகைசூடி. பேருந்து நகர்ந்தது. இனி அவனை யார் கேட்பார்? கேட்க யாருக்கு என்ன உரிமை?

தோளில் தொங்கிய சில்லறைப் பையைத் தட்டிக்கொண்டு ஒருவர் வந்து நின்றார்.

“எங்க சார்?”

 கார்த்திகேசனின் கை தன்னியல்பாய்த் தோட்பையைத் துழாவியது. தண்ணீர்ப் புட்டி வீட்டு சோபாவிலேயே கிடந்தது. இறங்கிவிடலாமா என்று கண் வாசலை நாடியது. சித்ரா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். கண்டக்டர், “உன்னத்தான் சார், எங்க போவணும்? சொல்லு” என்று மறுபடி கேட்டார்.

“திமிங்கலம் பாக்கப் போறோம்!”

வண்டியே திரும்பிப் பார்க்கும்படி கத்தியவள் பூரணி. இத்தனை நாள் எங்கே வைத்திருந்தாளோ அந்தக் குரலை. முன்னிருக்கையைப் பிடித்து எழுந்து நின்று, “பெரிய்ய திமிங்கலம்! வாய்க்குள்ள வேனே போவும்! எங்கப்பா கூட்டிட்டுப் போறாரு!” என்றாள். “அப்டியா கண்ணு? இந்த வண்டி கோயம்பேடு வரிக்கும்தான் போவும்” என்றார் கண்டக்டர்.

மகளின் முகத்தைப் பார்த்தான் கார்த்திகேசன். அக்கணமே, ஆராய்ந்தெடுத்த மூலகாரணமும், அன்னை உரைத்த விதியும், அருந்திய குவளைகளும், ஏறியிறங்கிய படிகளும் காற்றிற்பட்ட தூசியாய்ப் பறக்க, அச்சமெனும் பகைவனை அடியோடு வென்று, ஏழுலகும் செவிசாய்க்க, இடிமுரசின் நாதமும் நாணும் பெருங்குரலெடுத்து, முகமலர்ந்து, “கோயம்பேடு!” என்று முழங்கினான் அந்த மாவீரன்.

சில்லறையா இருந்தா குடு சார் என்றார் கண்டக்டர்.