முழுப்பாட்டும் அரைக்கிலோ அவரைக்காயும்

கார் துரத்தல் படம் ஒன்றைத் தியேட்டரில் பதினோரு தடவை பார்த்துவிட்டு, நாற்பது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாமல் வண்டி ஓட்டிய ஆள் இந்த உலகத்திலேயே ஒருவர்தான். எரியோட்டிலிருந்து திண்டுக்கல்லுக்கு ஷேர் வேன் ஓட்டும் அவருக்கு நாங்கள் வைத்த பெயர் முழுப்பாட்டு.

அந்தப் படத்தில் கூலிங்கிளாஸ் போட்ட ஹீரோ பாட்டைப் போட்டுக் காரைக் கிளப்புவான். பாட்டு முடிவதற்குள் பேங்கைக் காலி செய்துவிட்டுப் பறந்துவிடுவான். நம் ஆள் அதிலிருந்து எடுத்துக்கொண்டது கூலிங்கிளாஸையும் பாட்டையும் மட்டும். தூரத்தைக்கூடப் பாட்டில்தான் அளப்பார். "திண்டுக்கல்லு எட்டுப் பாட்டுத் தூரம். வெரசாப் போனா எட்டாவது பாட்டு பாதியில நிக்கும்ல?"

இறங்கும் இடம் வந்தாலும் பாட்டு முடியாமல் கதவைத் திறக்க மாட்டார். ஒருமுறை பல்வலியில் துடித்த பெரியவர் ஒருவர் ஆஸ்பத்திரி வாசலில் கெஞ்சினார். "செத்த நேரம் பொறுங்க அப்பு, கடைசிச் சரணந்தான்" என்றார் முழுப்பாட்டு. அந்தச் சரணத்திலேயே பாதி வலி போய்விட்டதாகப் பெரியவர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

எனக்கு அவர்மேல் இருந்த எரிச்சல் வேறு. ஆசிரியர் தேர்வில் இரண்டு முறை கோட்டைவிட்ட என்னை, வேனே திரும்பிப் பார்க்கிற மாதிரி "வாங்க டீச்சரு" என்று கூப்பிடுவார். வேண்டுமென்றே குத்துகிறார் என்று நினைத்துக்கொள்வேன்.

மூன்றாவது தேர்வு வந்தது. வயது வரம்பில் எனக்கு அதுதான் கடைசி. திண்டுக்கல்லில்தான் சென்டர்; ஒன்பதரைக்குக் கேட்டைப் பூட்டிவிடுவார்கள். எட்டே முக்காலுக்குத் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, ஹால் டிக்கெட்டை ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம் என்று மஞ்சப்பையைத் திறந்தேன். உள்ளே அரைக்கிலோ அவரைக்காய்.

வேனில் பை மாறியிருந்தது. என் பக்கத்தில் உட்கார்ந்து வந்த பூக்கார அக்காவிடமும் என்னுடையதைப் போலவே ஊர்க் கல்யாணத்தில் கொடுத்த மஞ்சள் தாம்பூலப்பைதான் இருந்தது. எங்கள் ஊரில் ஒரு கல்யாணம் நடந்தால் ஆறு மாதத்துக்கு எல்லார் கையிலும் ஒரே பைதான். அக்கா இறங்கியதும் ஆத்தூர் பஸ் ஏறியதை முழுப்பாட்டு பார்த்திருந்தார்.

"ஏறுங்க டீச்சரு."

திரும்புகிற சவாரிக்குப் போட்ட பாட்டு அப்போதுதான் முதல் சரணத்தின் நடுவுக்கு வந்திருந்தது. கையை நீட்டி அதை அணைத்தார். நான் அதிர்ந்துபோய்ப் பார்த்தேன்.

"பாட்டு ஓடுனா நாப்பதுக்கு மேல எனக்குக் கால் அமுங்காது" என்றார்.

அதன்பிறகு படத்தின் சண்டை மியூசிக்கை வாயாலேயே போட்டுக்கொண்டு வேனை விரட்டினார். சின்னாளபட்டிக்கு முன்னால் பஸ்ஸை முந்தி, அடுத்த நிறுத்தத்தில் வேனை ஓரங்கட்டிவிட்டு பஸ்ஸில் ஏறினார். அக்கா தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்பிக் கேட்க வேண்டியதுதானே? இவர் கூலிங்கிளாஸைச் சரிசெய்துகொண்டு பூனை மாதிரி நடந்து, மடியிலிருந்த பையை உருவி, அவரைக்காய்ப் பையை அங்கே வைத்துவிட்டு இறங்கி ஓடிவந்தார்.

"ஏலே, பையத் தூக்கிட்டு ஓடுறான், பிடிங்க" என்று கண்டக்டரும் நாலு பேரும் பின்னால் ஓடிவந்தார்கள். இரைச்சலில் விழித்த அக்கா பையைத் திறந்து பார்த்துவிட்டு ஜன்னல் வழியே கத்தினார். "என் அவரைக்கா அப்படியேதானய்யா இருக்கு. எதுக்கு இம்புட்டு ஓட்டம் ஓடுறீக?"

வண்டி கிளம்பியதும் கேட்டேன். "கேட்டிருந்தா குடுத்திருப்பாங்களே அண்ணே?"

"படத்துல கேக்க மாட்டாங்க டீச்சரு."

கேட் பூட்ட இரண்டு நிமிஷம் இருக்கும்போது உள்ளே போனேன். பாஸும் ஆனேன். எரியோடு ரோட்டிலேயே ஒரு பள்ளியில் வேலை கிடைத்தது. முதல் நாள் அவர் வேனில்தான் போனேன். பள்ளி வாசலில் நிறுத்திவிட்டு ஒரு பாட்டைப் போட்டார். அது முதல் சரணத்தின் நடுவிலிருந்து ஆரம்பித்தது.

"அன்னைக்கு நிறுத்துனது. இம்புட்டு நாளா இதப் போடவே இல்ல. நீங்க டீச்சரானதும் முடிச்சுக்கிருவோம்னு வச்சிருந்தேன்."

அவர் ஒருநாளும் என்னைக் குத்தவில்லை என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. பள்ளியில் மணி அடித்தது. அவர் கதவைத் திறக்கவில்லை. நானும் திறக்கச் சொல்லவில்லை.