ஊமை ஒப்பந்தம்

வாஷிங்டன் மாநிலத்தைத் தனி ஆளாகக் காப்பாற்றுவது என்று அந்த அக்டோபரில் முடிவு செய்தேன். வேறு யாரும் முன்வரவில்லை.

விஷயம் இதுதான். பெரிய ஆலைகளும் எண்ணெய்க் கம்பெனிகளும் தாங்கள் கக்குகிற புகைக்குப் பணம் கட்ட வேண்டும் என்று எங்கள் மாநிலம் ஒரு சட்டம் போட்டிருந்தது. அந்தப் பணத்தில் பள்ளிக்கூடத்துக்குக் காற்று வடிகட்டி வந்தது. காட்டுத் தீயைத் தடுக்க ஆள் வந்தது. பிள்ளைகள் பஸ்ஸில் காசில்லாமல் போனார்கள். சிலருக்குப் பொறுக்குமா? மளிகைக் கடை வாசல்களில் மேஜை போட்டு, பெட்ரோல் விலை குறைய வேண்டுமானால் இங்கே கையெழுத்துப் போடுங்கள் என்றார்கள். வெங்காயம் வாங்க வந்தவனெல்லாம் போட்டான். கையெழுத்து போதுமான அளவு சேர்ந்ததும், சட்டத்தை ரத்து செய்யலாமா என்று மாநிலம் முழுக்க ஓட்டுக்கு வந்துவிட்டது. ‘ஆம்’ என்றால் சட்டம் செத்தது. ‘இல்லை’ என்றால் பிழைத்தது.

நாற்பது வருஷம் பத்திரிகையில் குப்பை கொட்டியவன் நான். நல்ல சட்டத்தைக் காப்பாற்ற ‘இல்லை’ போட வேண்டும் என்கிற அக்கிரமத்தை அதுவரை பார்த்ததில்லை.

எனக்கு இது வெறும் அரசியலும் இல்லை. ஆகஸ்ட் வந்தால் மலை எரியும். எங்கள் ஊரான வெனாச்சியில் ஆற்றின் இக்கரையில் நின்றால் அக்கரை தெரியாது. என் மனைவி வெர்னாவுக்கு ஆஸ்துமா. கதவிடுக்கில் ஈரத்துண்டைத் திணித்துவிட்டு, மேஜை விசிறியின் முதுகில் வடிகட்டி அட்டையை டேப் போட்டு ஒட்டி, அதன் எதிரே நாள் முழுக்க உட்கார்ந்திருப்பாள்.

ஆகவே போருக்குப் புறப்பட்டேன். முதல் ஆள் பக்கத்து வீட்டு க்ளைட் ஹெக்மன். ஆப்பிள் தோட்டக்காரன். சூரியன் கிழக்கே உதிக்கிறது என்றால், யார் சொன்னது என்று கேட்பவன். அவனுக்குச் சட்டத்தை விளக்கினேன். புரியவில்லை என்றான். இன்னும் சத்தமாக விளக்கினேன். கடைசியில் எண்ணெய்க் கம்பெனிக்குக் கூலிக்கு மாரடிக்கிறாயா என்று கேட்டுவிட்டு வந்தேன். மறுநாள் காலை அவன் வாசலில் ‘ரத்து செய்’ என்று ஒரு பலகை நின்றது.

தபால்காரியிடம் பேசினேன். அவள் வீட்டிலும் பலகை. மருந்துக் கடைக்காரரிடம் பேசினேன். அங்கே இரண்டு. நான் வாதாடிய வாசலில் எல்லாம் பலகை முளைத்தது. எதிரியின் பணபலம் எத்தனை பயங்கரமானது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

இந்த லட்சணத்தில் வாக்குச் சீட்டுகள் தபாலில் வந்து சேர்ந்தன. எங்கள் ஊரில் ஓட்டுப் போடுவது சாப்பாட்டு மேஜையில்தான். வெர்னா கவரைப் பிரிக்காமல் காப்பியைக் கலக்கிக்கொண்டே சொன்னாள்.

“நான் ‘ஆம்’ போடலாம்னு இருக்கேன்.”

“ரத்துக்கா?”

“பெட்ரோல் விக்கிற விலையில மலை தாண்டி மக வீட்டுக்குப் போயிட்டு வர முடியுதா?”

“உனக்கு ஆஸ்துமா, வெர்னா.”

“தெரியும். என்கிட்டதான் இருக்கு.”

“சட்டம் போனா மட்டும் கம்பெனிக்காரன் விலையைக் குறைச்சிடுவானா?”

“குறைக்க மாட்டான்னு நீங்க சொல்றீங்க. அதான் சந்தேகமாயிருக்கு.”

வீட்டுக்குள்ளேயே குழி. இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. மூன்றாம் நாள் மூளை வேலை செய்தது. உன் ஓட்டும் என் ஓட்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு சாகப் போகிறது, எதற்கு வீண் வேலை, அந்தக் கேள்வியை இருவருமே விட்டுவிடலாம் என்றேன். நான் விடப் போவதில்லை என்பது சொல்லாமலே விளங்கும். மாநிலத்தின் நுரையீரலுக்காக மனைவியிடம் ஒரு பொய் சொன்னால் பாவமில்லை.

வெர்னா யோசித்தாள்.

“சரி. ஆனா ஒதுங்கினா முழுசா ஒதுங்கணும். தேர்தல் முடியிற வரைக்கும் வெளியில ஒருத்தர்கிட்டயும் இதைப் பத்தி வாயைத் திறக்கக் கூடாது. வாசல்ல நிக்கிற உங்க ‘இல்லை’ பலகையும் உள்ள வரணும்.”

“நீயும்தானே?”

“நானும்தான்.”

கை குலுக்கினோம். பாவம், எத்தனை எளிதாக ஏமாறுகிறாள் என்று எனக்கே இரக்கமாக இருந்தது.

மறுநாளே க்ளைட் வேலியோரம் வந்தான். என் வாசலில் பலகையைக் காணாமல் அவனுக்குக் கை அரித்திருக்கிறது.

“என்னய்யா ஆர்வில், தொண்டை கட்டிக்கிச்சா? பெட்ரோல் விலையைப் பாத்தியா?”

நான் ஓர் ஆப்பிளைக் கடித்தேன்.

“நீ என்ன சொல்லுவன்னு தெரியும். சட்டம் போனாலும் அவன் குறைக்க மாட்டான்னுவ.”

இன்னொரு கடி.

“குறைக்க மாட்டான்தான். அதுக்காக நீ சொல்றது சரின்னு ஆயிடுமா?”

மென்றேன். முனகிக்கொண்டே போனான். அடுத்த நாளும் வந்தான். சண்டைக்கு ஆள் கிடைக்காததால் இரண்டு பக்கமும் அவனே பேச வேண்டியதாயிற்று. என் பக்கத்தை என்னைவிட நன்றாகப் பேசினான். மூன்றாவது முறை வந்தபோது குரல் தாழ்ந்திருந்தது.

“ஆகஸ்ட்ல என் ஆளுங்க மூக்குல துணி கட்டிக்கிட்டுப் பழம் பறிச்சாங்க. அந்தப் புகைக்கு நான் யாருக்குய்யா பில் அனுப்புறது?”

இந்தக் கேள்வி எனக்கு நாற்பது வருஷத்தில் தோன்றவில்லை. பதில் சொல்ல நாக்குத் துடித்தது. சமையலறை ஜன்னலில் வெர்னா நின்றாள். ஆப்பிளை விதையோடு விழுங்கினேன். அந்த வாரக் கடைசியில் க்ளைட் தன் பலகையைப் பிடுங்கிக் கோழிக்கூண்டின் ஓட்டையை அடைத்திருந்தான். தபால்காரி வீட்டிலும் பலகை இல்லை. காற்று அடித்துப் போயிருக்கும் என்று நினைத்தேன்.

இதற்கிடையில் கராஜில் ஒளிந்து ‘இல்லை’ போட்டுச் சீட்டைக் கோட்டுக்குள் வைத்திருந்தேன். அன்று சாப்பிடும்போது வெர்னா ஏதோ பேச்சுவாக்கில் சொன்னாள், போன தடவை கவர் மேல் கையெழுத்துப் போட மறந்ததால் எத்தனையோ ஓட்டு செல்லாமல் போனதாம் என்று. காருக்கு எண்ணெய் பார்க்க வேண்டும் என்று எழுந்து ஓடினேன். கையெழுத்து இல்லை! காரின் மூக்கின் மேல் வைத்துப் போட்டேன். நாயை நடத்திப் போகிற சாக்கில் நூலக வாசல் ஓட்டுப் பெட்டியில் சேர்த்துவிட்டு, விசிலடித்துக்கொண்டே திரும்பினேன்.

சட்டம் பிழைத்தது. சொற்ப வித்தியாசத்தில் அல்ல, தாராளமாக. வெர்னா மாவுக்குள் ஆப்பிளை வைத்து ‘பை’ சுட்டிருந்தாள். சந்தோஷத்தில் எனக்கு மனசாட்சி வந்துவிட்டது.

“வெர்னா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்.”

“கராஜ்ல கையெழுத்துப் போட்டதா? போட மாட்டீங்களோன்னு பயந்தே போயிட்டேன்.”

என் கை தானாகவே மேஜை மேலிருந்த ஓர் ஆப்பிளை எடுத்தது. பழக்கமாகிவிட்டிருந்தது.

“நான் சீட்டு வந்த அன்னிக்கே ‘இல்லை’ போட்டுட்டேன்” என்றாள், ஆப்பிள் பையைத் துண்டு போட்டபடி.

“அப்ப எதுக்கு ஒப்பந்தம்? என் ஓட்டை ஏன் தடுத்தே?”

“ஓட்டை யாரு தடுத்தா? அது நல்ல ஓட்டு. நீங்க வாயைத் திறக்கத் திறக்கத் தெருவுல பலகை கூடிக்கிட்டே போச்சு. அடுத்த ஆகஸ்ட்ல மூச்சு விட வேண்டியது நானில்லையா?”

நான் கௌரவமாக ஏதாவது சொல்லலாம் என்று பார்த்தேன். அவள் முந்திக்கொண்டாள். பிப்ரவரியில் பள்ளிக்கூட வரிக்கு ஓட்டு வருகிறதே, அதில் நீங்கள் எந்தப் பக்கம் என்று கேட்டாள்.

“ஆதரவுதான்” என்றேன்.

“அப்ப இன்னிக்கே ஆரம்பிச்சுடலாம்” என்று, இருப்பதிலேயே பெரிய துண்டை எடுத்து என் வாயில் அடைத்தாள்.