மிதக்கும் வங்கி

ஒரு வங்கி நல்லதா கெட்டதா என்று எலுமிச்சம்பழம் சொல்லும் என்றால் நம்புவீர்களா? பிள்ளையார்பாளையம் நம்பியது. பட்டுக்கடை மாணிக்கவேலும் நம்பினார். நகத்தால் சுரண்டிப் பார்க்காமல் ஜரிகை வாங்காத மனிதர், கல்யாண மண்டபத்தின் முதல் வரிசையில் கைகூப்பி நின்றார். சட்டைப்பையில், ஊருக்கு வந்த சாமியாரின் வங்கியில் போட எடுத்துவந்த, மனை விற்ற காசோலை. மகள் அபிநயாவின் படிப்புக்கென்று இருந்த ஒரே சொத்து அந்த மனைதான்.

மேடையில் இரண்டு கண்ணாடித் தொட்டிகள். ஒன்றில், அரசு வங்கியின் பெயரைச் சொல்லிச் சாமியார் பழத்தைப் போட்டார். மூழ்கியது. மற்றதில், தான் ஊரில் பணம் வாங்கி நடத்தும் குபேர நிதியின் பெயரைச் சொல்லிப் போட்டார். மிதந்தது. கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

பக்கத்தில் சட்டமன்ற உறுப்பினர் ராமராஜன். பழைமையில் ஊறியவர். வங்கிக்குள் அரசாங்கம் மூக்கை நுழைக்கக் கூடாது, தணிக்கை என்பதே நல்லவர்களைச் சந்தேகப்படுவது, மூழ்கும் வங்கியை வரிப்பணத்தில் தூக்கிவிடுவது பாவம் என்று பேசினார். மாணிக்கவேலுக்குப் பாதி புரியவில்லை. அதனாலேயே மரியாதை இரட்டிப்பானது, தலையும் தானாக ஆடியது.

அரசு வங்கிக் காசாளர் கிரேஸ் எழுந்தார். பொறாமையில் வந்திருக்கிறாள் என்று மாணிக்கவேல் பக்கத்து ஆளுக்கு விளக்கம் வேறு சொன்னார்.

“சாமி, எங்க பேங்க் பழம் முழுகிப் போச்சு. அத்தயே எடுத்து உங்க தொட்டியில போடுங்க. எங்க பேங்க் கெட்டதுன்னா அங்கயும் முழுகணும் இல்ல?”

தெய்வக் குற்றம் என்றார் சாமியார். ராமராஜனோ பெருந்தன்மையாகச் சிரித்தார். பாவம், அவர் நிஜமாகவே நம்பியவர். மனைவியின் நகையை விற்று நிதியில் போட்டிருந்தார்.

“போடட்டும் சாமி. போட்டின்னா நமக்கு என்னா பயம்?”

கிரேஸ் போட்டார். கெட்ட வங்கியின் பழம் ஜம்மென்று மிதந்தது. நிதியின் பழத்தை எடுத்து அடுத்த தொட்டியில் போட்டார். அது கல்லாய் மூழ்கியது. முதல் வரிசைக்காரர் என்ற உரிமையில் மாணிக்கவேல் மேடையேறி, சாமியாரின் தொட்டியில் விரலை நனைத்து நாக்கில் வைத்தார். ஊறுகாய் ஜாடி தோற்றுவிடும், அவ்வளவு உப்பு. பழத்தை மிதக்கவைத்தது குபேரன் அல்ல, கடையில் விற்கும் கல்லுப்பு.

கூட்டம் சாமியாரை வளைத்தது. போட்ட பணம் எங்கே என்று கேட்டதும், நிதியில் ஒன்றுமில்லை என்று ஒப்புக்கொண்டார்.

ராமராஜன் மைக்கைப் பிடித்தார்.

“இத்தன நாளா அரசாங்கம் என்னா பண்ணிக்கினு இருந்துச்சு? ஒரு அதிகாரி வந்து பார்த்தானா? எங்க பணத்த அரசாங்கம்தான் குடுக்கணும்.”

கூட்டம் ஆமாம் என்றது. மாணிக்கவேலின் தலையும் ஆடியது. சற்று முன் இதே வாய் இதற்கு நேர்மாறாகப் பேசியபோதும் இதே தலைதான் ஆடியது. காசோலை தப்பியதும் தன் புத்தியால் அல்ல என்று நினைத்தபோது அவருக்கு வெட்கமாக இருந்தது. தலையைக் கையால் பிடித்து நிறுத்தினார். ஆட்டுவது தவிர அதற்கு வேறு வேலையும் உண்டு என்று ஐம்பது வயதில் தெரிந்துகொண்டார். உங்களுக்கு என்ன வயதாகிறது?