முட்டி பாயும் எட்டு இஞ்ச் பெட்டியும்

காஞ்சிபுரத்தில் எல்லோரும் காதால் கேட்கிறார்கள். முட்டியால் கேட்டவர் எனக்குத் தெரிந்து உலகத்திலேயே ஒருவர்தான். அவர் முட்டி பாய்.

அவருடைய சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது. அவர் கடைக்குப் பக்கத்துக் கடைக்காரருக்கும் தெரியாது. ஒருமுறை கொரியர் கொண்டுவந்தவர் ஏதோ ஒரு பெயரைச் சொல்லித் தெரு முழுக்க விசாரித்துவிட்டு, கடைசியில் பாயிடமே வந்து கேட்டிருக்கிறார். பாய் கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்து யோசித்துவிட்டு, "அட, அது நான்தாம்பா" என்று கையெழுத்துப் போட்டாராம்.

அவருடையது ஒரு சந்துக்குள் இருந்த ஆம்ப்ளிஃபயர் ரிப்பேர் கடை. ஆனால் பேர் வாங்கிக் கொடுத்தது சப்வூஃபர். ஹோம் தியேட்டரில் பாட்டு, வசனம் எல்லாம் மற்ற ஸ்பீக்கர்கள் பார்த்துக்கொள்ளும். இடி, மேளம், குண்டு வெடிப்பு என்று அடிவயிற்றில் உதைக்கிற 'பேஸ்' சத்தத்துக்கு மட்டும் தனியாக ஒரு கனத்த பெட்டி உண்டே, அதுதான் சப்வூஃபர். எந்த அறைக்கு எந்தப் பெட்டி, அதை எந்த மூலையில் வைப்பது என்று சொல்வதில் பாயை அடித்துக்கொள்ள ஆளில்லை.

அவர் கையாண்ட முறைதான் விசேஷம். நாம் உட்காரும் சோபாவில் பெட்டியை உட்காரவைத்துப் பாட்டைப் போட்டுவிடுவார். பிறகு லுங்கியை மடித்துக் கட்டி, சைக்கிள் ட்யூபில் பஞ்சு திணித்துத் தைத்த இரண்டு மெத்தைகளை முட்டியில் மாட்டிக்கொண்டு, கண்ணை மூடி அறை முழுக்கத் தவழ்வார். எந்த இடத்தில் சத்தம் சரியாக இருக்கிறதோ, அந்த இடத்தில் பெட்டியை வைத்தால் சோபாவில் அதே சத்தம் கேட்கும் என்பது அவர் கணக்கு. "பாக்ஸ் மனுசன் எடத்துல ஒக்காரட்டும், மனுசன் பாக்ஸ் போற எடத்துக்கெல்லாம் போவட்டும்" என்பார். இது வெளிநாட்டிலும் செய்கிற முறைதான் என்று பின்னால் எங்கோ படித்தேன். ஆனால் அங்கே யாரும் வாயால் "கும்... கும்..." என்று சொல்லிக்கொண்டே தவழ்வதாகப் போடவில்லை.

அவருடைய சாஸ்திரத்தில் மொத்தம் மூன்றே வார்த்தைகள். நல்ல சத்தம் 'கும்'. வறண்ட சத்தம் 'தொம்'. தெளிவில்லாமல் அறை முழுக்க ஊறிக்கிடக்கும் சத்தம் 'பொத'. வாட்ஸ், டெசிபல் என்று யாராவது ஆரம்பித்தால், "அதெல்லாம் அட்டப்பொட்டில போட்டுக்கறது சார்" என்று முடித்துவிடுவார்.

ஒருமுறை கல்யாண மண்டபம் ஒன்றில், முகூர்த்தத்துக்கு முந்தின நாள் சாயங்காலம், பாய் மணமேடையிலிருந்து சாப்பாட்டுக் கூடம் வரைக்கும் தவழ்ந்திருக்கிறார். மாப்பிள்ளை வீட்டு அம்மாள் ஒருவர் பார்த்துவிட்டு, பயபக்தியோடு, "என்னா வேண்டுதல்பா?" என்றிருக்கிறார். "வேண்டுதல் இல்லமா, பேஸ் தேடறேன்" என்று இவர் சொல்ல, அந்தம்மாள் காதில் அது 'பேஸ்ட்' என்று விழுந்து, அடுத்த நிமிடம் மாப்பிள்ளை வீட்டார் நாலு பேர் நாற்காலிகளுக்கு அடியில் பேஸ்ட் தேடிக்கொண்டிருந்தார்கள். பாய் அதைத் தடுக்கவில்லை. அவ்வளவு பேர் தன்னோடு தவழ்ந்தது அவருக்குச் சந்தோஷமாக இருந்ததாம்.

இப்பேர்ப்பட்டவரை நான் வீட்டுக்குக் கூப்பிட்டது என் மனைவி கோமளாவுக்காக.

கோமளா ஒரு சினிமாப் பைத்தியம். அதிலும் துப்பறியும் படம் என்றால் இடைவேளைக்கு முன்னாலேயே, "இவன்தான் கொலகாரன், பாருங்க" என்று என் விலாவில் இடிப்பாள். பெரும்பாலும் சரியாகவே இருக்கும். படம் பாழாகிவிடும். எத்தனை படங்களில் நான் வாயை மூடிக்கொண்டு உட்காரச் சொல்லியிருக்கிறேன் என்று கணக்கே கிடையாது. நாலு வருடத்துக்கு முன் ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போனது, போகும்போது அவள் காதையும் கொண்டுபோய்விட்டது. காது மெஷின் வாங்கினோம். "தகரத்தத் தேய்க்கற மாதிரி இருக்குது" என்று கழற்றி மேஜை இழுப்பறையில் போட்டுவிட்டாள். வாயசைவைப் பார்த்து நாம் பேசுவதைப் புரிந்துகொள்வாள். ஆனால் சினிமாவை விட்டுவிட்டாள். நான் டிவி போட்டால் எழுந்து போய்விடுவாள். நாலு வருடமாக நான் எல்லாப் படங்களையும் கடைசிவரை கொலைகாரன் யாரென்று தெரியாமல் பார்த்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஒரு படமும் பிடிக்கவில்லை.

நான் பத்திரப் பதிவு அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். நான்கெல்லை பார்க்காமல் எதையும் செய்யமாட்டேன். பின்கட்டு அறையை ஹோம் தியேட்டராக்குவது என்று முடிவு செய்தேன். வடக்கே சன்னல், தெற்கே கதவு, மேற்கே திரை, கிழக்கே பக்கத்து வீட்டு நெசவாளர் தணிகாசலத்துக்கும் எனக்கும் பொதுவான சுவர். நல்ல பெட்டியாகப் போட்டால் கோமளாவுக்கு ஏதாவது கேட்காதா என்கிற நப்பாசைதான். அவளோடு சேர்ந்து ஒரு படம் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது.

சென்னையில் இருக்கும் மைத்துனன் சேகர், "மாமா, கண்ண மூடிக்கினு பன்னண்டு இஞ்ச் போட்டுடுங்க. பில்டிங்கே ஆடணும்" என்றான். கோமளாவோடு ஷோரூமுக்குப் போனேன். அங்கே இருந்தவர் அறையின் நீள அகலம் கேட்டார், எத்தனை வாட்ஸ் என்று கேட்டார், பிறகு தடித்த கம்பளத்தின்மேல் எங்களை நிற்கவைத்துக் கண்ணாடி மாளிகை ஒன்று நொறுங்குகிற காட்சியைப் போட்டார். எனக்குப் பல் கூசியது. வாசலில் போன ஒருவர் திரும்பிப் பார்த்தார். காட்சி முடிந்ததும் கோமளா என் பக்கம் திரும்பி, "எப்ப போடுவாங்க?" என்றாள்.

மறுநாள் முட்டி பாயின் கடைக்குப் போனேன். அவர் நீளமும் கேட்கவில்லை, அகலமும் கேட்கவில்லை.

"யாரு ஒக்காந்து பாக்கப் போறாங்க?" என்றார்.

சொன்னேன். பாய் கையிலிருந்த சால்டரிங் கம்பியைக் கீழே வைத்தார். "காலைல வர்றேன் சார். தரையப் பெருக்கி வைங்க" என்றார்.

காலையில் ஷேர் ஆட்டோவில் மூன்று பெட்டிகளோடு வந்து இறங்கினார். உள்ளே இருக்கும் ஸ்பீக்கரின் அகலப்படி பன்னிரண்டு இஞ்ச், பத்து இஞ்ச், எட்டு இஞ்ச். அவர் பாஷையில் பெரியவரு, நடுவுலவரு, சின்னவரு. தரையைப் பெருக்கச் சொன்னதை நான் மறந்துவிட்டிருந்தேன். பெரியவரைச் சோபாவில் ஏற்றி, மேளச் சத்தத்தைப் போட்டு, பாய் நாலு எட்டு தவழ்ந்திருப்பார். "அல்லா!" என்று ஒரு கத்தல். கோமளாவின் சேஃப்டி பின் ஒன்று மெத்தையைத் தாண்டி முட்டியில் ஏறியிருந்தது. பாய் அதைப் பிடுங்கி என்னிடம் கொடுத்து, "தொழில் பண்ற எடம் சார் இது" என்றார். மோதிரத்தைத் தட்டில் வைப்பதுபோல் அவர் கொடுத்த விதத்தில் எனக்கே குற்ற உணர்ச்சியாகிவிட்டது.

"நீங்களும் வாங்க சார், ஒரு ரவுண்டு" என்று கூப்பிட்டார். முப்பது வருடம் நாற்காலியில் உட்கார்ந்து ஊர் ஜனத்தை நிற்கவைத்தவன் நான். தவழ்வதா? முடியாது என்று சொல்லிவிட்டேன்.

பாய் வடக்கே போனார். "பொத" என்றார். தெற்கே கதவருகில், "தொம், தொம், சுத்தத் தொம்" என்றார். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. ஃப்யூஸ்தானா என்று பார்க்க நான் வாசலுக்குப் போனேன். தெருவுக்கே இல்லை. திரும்பி வந்தால், பாய் கிழக்குச் சுவரோரம் நாலு காலில் நின்றபடி, கண்ணை இறுக மூடிக்கொண்டு, முகமெல்லாம் மலர்ந்துபோய் இருந்தார்.

"இதான் சார்! இந்த எடம்தான்! கும்முனா இதான் கும்மு! முப்பது வருசத்துல இப்படி ஒரு கும்மு கேட்டதில்ல!"

"பாய்..."

"பேசாதீங்க சார், முட்டில ஏறிக்கினு இருக்குது!"

"பாய், கரண்ட் போயி அஞ்சு நிமிசம் ஆவுது."

பாய் கண்ணைத் திறக்கவில்லை. "கரண்ட் இல்லாதப்பவே இப்படி அடிக்குதுன்னா, வந்தா எப்படி இருக்கும் பாருங்க!" என்றார்.

பிறகுதான் அவர் சொன்னது அவருக்கே உறைத்தது. மெல்லக் கண்ணைத் திறந்து சோபாவில் செத்துக்கிடந்த பெட்டியைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். சத்தம் மட்டும் நிற்கவில்லை. கும். கும். கும். சுவருக்கு அந்தப் பக்கம் தணிகாசலம் குழியில் காலை விட்டு உட்கார்ந்து, தறியில் பலகை அடித்துக்கொண்டிருந்தார். கைத்தறிக்கு எந்தக் கரண்ட் வேண்டும்?

நான் சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. முட்டி பாய் தறியை சப்வூஃபர் என்று தேர்ந்தெடுத்துவிட்டார் என்று இந்த ஊரில் யார் யாரிடம் சொல்லலாம் என்று மனதுக்குள் பட்டியலே போட ஆரம்பித்துவிட்டேன். பாய் சிரிக்கவில்லை. அந்த இடத்தில் கிடந்த மணையைக் கையால் தொட்டுப் பார்த்தார். பக்கத்தில் அவரைக்காய் நார் இரண்டு கிடந்தது.

"இங்க யாரு சார் ஒக்கார்றது?"

"எங்க வீட்டுக்காரிதான். காய் நறுக்கறது, பேப்பர் படிக்கறது எல்லாம் அங்கதான். ஃபேனுக்குக் கீழ ஒக்காருன்னு நாலு வருசமா சொல்றேன், கேட்டாதானே."

பாய் எழுந்து, சமையல்கட்டிலிருந்த கோமளாவைக் கையசைத்துக் கூப்பிட்டார். அவள் பார்க்கும்படி முகத்தை நேராக வைத்துக்கொண்டு, வாயை நன்றாகத் திறந்து, "ஏம்மா, நீ ஏன் அங்க ஒக்கார்ற?" என்றார்.

கோமளா இதென்ன கேள்வி என்பதுபோல் பார்த்தாள். "பக்கத்துல தறி ஓடுதில்ல பாய்? தரைல ஒக்காந்தா கேக்குது" என்றாள்.

கேட்கிறது. இந்த ஒரு வார்த்தையை அவள் வாயிலிருந்து நாலு வருடமாக நான் கேட்டதில்லை. எனக்குச் சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை.

"எங்கிட்ட சொல்லவே இல்லியே?" என்றேன்.

"நீங்க கேக்கலியே" என்றாள்.

குத்தலாகச் சொல்லவில்லை. உள்ளதைத்தான் சொன்னாள். அதனால்தான் தாங்க முடியவில்லை.

கரண்ட் வந்தது. அதற்குப் பிறகு அறையில் எனக்கு மரியாதை இல்லை. பாய் தவழ்ந்தார், அவருக்குப் பின்னால் கோமளாவும் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு தரையில் உள்ளங்கையை வைத்துத் தவழ்ந்தாள். அறையின் நடுவில் நான் மட்டும் நின்றுகொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் அதுதான் அசிங்கமாகப் பட்டது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நானும் இறங்கினேன்.

பெரியவரைப் போட்டபோது சுவருக்கு அந்தப் பக்கம் தறி நின்றது. தணிகாசலம் வாசலுக்கே வந்துவிட்டார். "சார், நான் அடிக்கறனா நீங்க அடிக்கறீங்களானு தெரில சார். கையி தப்பிப் போவுது" என்றார். மூன்று பேரும் தரையிலிருந்தே அவரை நிமிர்ந்து பார்த்தோம். அவர் மேற்கொண்டு எதுவும் விசாரிக்காமல் போய்விட்டார்.

"பெரியவரு வேணாம்" என்று பாய் தீர்ப்புச் சொன்னார். "சொவத்துக்கு அந்தாண்ட போயி அவரு பொழப்பக் கெடுப்பாரு. நடுவுலவரு பொத. சின்னவரு போதும்." சோபாவைத் தூக்கச் சொன்னார். கிழக்குச் சுவரோரம், மணை கிடந்த அதே இடத்தில், ஒரு மரபெஞ்சைப் போட்டு, அதன் அடிப்பலகையோடு எட்டு இஞ்ச் பெட்டியைச் சேர்த்து முடுக்கினார். "காதுக்குப் போற வழி அடைச்சிக்கினா வேற வழியா போவணும் சார். ஆறு மணிக்கு அவரு தறிய நிறுத்துவாரு. அப்பறம் நீங்க ஆரம்பிங்க" என்றார்.

சேகர் ஃபோனில் அழாத குறை. "எட்டு இஞ்ச்சா? வெளிய சொல்லாதீங்க மாமா" என்றான்.

அன்றைக்கு ஆறு மணிக்குத் தறி நின்றது. துப்பறியும் படம் ஒன்றைப் போட்டேன், கீழே எழுத்தும் ஓடும்படியாக. கோமளா பெஞ்சில் இரண்டு கைகளையும் ஊன்றி உட்கார்ந்தாள். பாய் கதவோரம் தரையில் உட்கார்ந்து படத்தைப் பார்க்காமல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். திரையில் இடி இடித்தது. கோமளா சட்டென்று பெஞ்சைப் பிடித்தாள். "மழ வரப்போவுதுங்க" என்றாள். பிறகு ஒருவன் மாடிப்படி ஏறினான். அவள் விரல்கள் ஒவ்வொரு அடிக்கும் பலகையில் தட்டின. இடைவேளை வருவதற்குள் என் விலாவில் ஒரு இடி விழுந்தது.

"இவன்தான் கொலகாரன், பாருங்க. நடையே சரியில்ல."

படம் பாழாகிவிட்டது. நாலு வருடத்தில் நான் பார்த்த நல்ல படம் அதுதான். திரும்பிப் பார்த்தேன். பாய் மெத்தைகளைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு சொல்லாமல் கிளம்பியிருந்தார்.

இப்போது பாய் கடையை மூடிவிட்டு வாலாஜாபாத்தில் மகள் வீட்டில் இருக்கிறார். இரண்டு முட்டியும் தேய்ந்துபோய், இனிமேல் மண்டி போடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். "காது கேக்காமப் போயிட்ட மாதிரி இருக்குது சார்" என்று ஒருநாள் ஃபோனில் சொன்னார். எப்போதாவது பஸ் ஏறி வருவார். வந்தால் நாற்காலியில்தான் உட்கார முடியும். பெட்டி சரியாக இருக்கிறதா என்று பார்க்க என்னைத் தவழவிட்டு, "அங்க என்னா சொல்லுது? கும்மா, பொதயா?" என்று விசாரிப்பார். எனக்கு வித்தியாசம் தெரியாது. கும் என்றே சொல்லிவிடுவேன். அவரும் நம்பியதுபோல் தலையாட்டுவார்.

அவர் இனித் தவழமாட்டார் என்று கோமளாவுக்கும் தெரியும். இருந்தாலும் படம் போடும் ஒவ்வொரு நாளும், தரையைப் பெருக்கி, ஒரு பின்கூட இல்லையென்று உள்ளங்கையால் தடவிப் பார்த்த பிறகுதான் பெஞ்சில் வந்து உட்காருகிறாள்.